கிளட்ச் திருத்தும் பாகங்கள்: கம்பனிப் பொருளா, வெளிப் பொருளா?

கொழும்பின் வாகன உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் ஒரு மாருதி ஆல்டோவுக்கு, மிதியையும் கிளட்சையும் இணைக்கும் கிளட்ச் கேபிள் கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் மூன்று பொதிகளை மேசையில் வைப்பார். ஒன்று கார்க் கம்பனியின் முத்திரையோடு வருவது. இன்னொன்று பெயர் தெரிந்த வேறொரு தயாரிப்பாளருடையது. மூன்றாவதில் பெயரையே சரியாக வாசிக்க முடியாது. விலையில் இடைவெளி பெரிது. பார்வைக்கு மூன்றும் ஒரே கறுப்புக் கேபிள்தான். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. நடுவில் 2022இல் ரூபாயும் சரிந்தது. கையிலிருக்கும் பழைய மனுவல் காரை எப்படியாவது ஓட வைப்பது கொழும்பில் பலருக்குக் கட்டாயமாகிவிட்டது. அதனால் இந்த மேசைக்கு முன் நிற்பவர்கள் இன்று கார்ப் பைத்தியங்கள் மட்டும் அல்லர்.

வழக்கமாகக் கேட்கப்படுவது, "எது கனகாலம் உழைக்கும்?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு என்பது என் கருத்து. உங்கள் காரில் கிளட்சைக் காலத்துக்குக் காலம் திருத்தப்போவது, அதாவது அளவைச் சரிசெய்யப்போவது, யார்? காரே தன்னைத் திருத்திக்கொள்ளுமா, அல்லது நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ பொனட்டைத் திறந்து நட்டைத் திருக வேண்டுமா? இதற்குப் பதில் தெரியாமல் விலையுயர்ந்த பாகம் வாங்குவதும் வீண்தான்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிளட்ச் தட்டுத் தேயத் தேய, அதை அழுத்தும் தட்டு, என்ஜினோடு சுழலும் சக்கரமான ஃபிளைவீலின் பக்கம் நகர்கிறது. அதன் வில்லின் (ஸ்பிரிங்கின்) விரல்களோ எதிர்ப்பக்கமாக, மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வருகின்றன. ஆகவே சாதாரண கேபிள் காரில், மிதியை அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் சும்மா இறங்கும் அந்தச் சிறு தூரம், மெக்கானிக்குகள் 'பிளே' என்பது, நாளடைவில் குறைகிறது. பழசானால் எல்லாம் தளரும் என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கேபிள் இழுபட்டு நீள்வது பிளேயைக் கூட்டுகிறது, தட்டுத் தேய்வது குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்வரை சாரதிக்கு எதுவும் தெரியாது. பிளே முழுதாக அற்றுப்போனால், காலை எடுத்த பிறகும் மிதி சற்று அழுத்தப்பட்டே இருப்பதற்குச் சமம். பேரிங் ஓயாமல் சுழன்று தேயும், தட்டு வழுக்கிக் கருகும். பிளே அளவுக்கு மிஞ்சினால் கிளட்ச் முழுதாக விடுபடாது. பின்கியர் போடும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் வரும். பல கேபிள் கார்களில் சரியான அளவு 10 முதல் 25 மில்லிமீற்றருக்குள் அடங்கும். உங்கள் காருக்கு உரியதை அதன் கைநூலில் பாருங்கள், கராஜ் வாசலில் நிற்பவரின் ஊகத்தை நம்ப வேண்டாம்.

இப்போது அந்த மூன்று கேபிள்களுக்கு வருவோம். உள்ளே ஓடும் உருக்குக் கம்பி பார்வைக்கு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முக்கிய வித்தியாசம் கம்பிக்கும் வெளி உறைக்கும் நடுவிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் இருக்கிறது. கம்பனிக் கேபிளில் அது வழுவழுப்பாகவே தயாரிக்கப்படுகிறது; கிரீஸ் அப்பினால் தூசி ஒட்டிக் கெடுமே தவிர நன்மை இல்லை. மலிவுக் கேபிளில் கம்பி அந்தக் குழாயை அறுத்துப் பள்ளம் போடும், மிதி மாதத்துக்கு மாதம் கனக்கும். காலை எட்டு மணிக்குப் பொரளைச் சந்தியை ஊர்ந்து கடக்கும் கால், நெடுஞ்சாலையில் ஓட்டுபவரின் காலைவிடப் பல மடங்கு மிதிக்கிறது. இடது முழங்கால்தான் அந்தச் சிக்கனத்துக்கு வட்டி கட்டும். நீளத்தில் சில மில்லிமீற்றர் பிசகினாலும், திருத்தும் நட் மரையின் ஓர் ஓரத்திலேயே நின்றுவிடும், பிறகு திருத்துவதற்கு இடமே இராது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் முலாம் சரியில்லாத மரை துருப்பிடித்து இறுகுவதும் உண்டு.

பெயர் தெரிந்த வெளித் தயாரிப்பு இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் தேறும், அதை வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கடையிலேயே பழைய கேபிளைப் பக்கத்தில் வைத்து, வெளியே தெரியும் கம்பியின் நீளத்தையும் மரையின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு புதியதை வளையமாக வளைத்துப் பிடித்துக் கம்பியை இழுங்கள். வளைவிலும் தடையின்றி ஓட வேண்டும். மூன்றாவது பொதி இங்கேயே தோற்றுப்போகும்.

தானே திருத்திக்கொள்ளும் அமைப்பில் கணக்கு மாறுகிறது. மிதியின் மேலே பல் வைத்த ஒரு பிளாஸ்டிக் வளைவுத் துண்டு, கேபிளின் தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் ஏற்பப் பல் பல்லாக நகர்ந்து ஈடுசெய்யும். அமெரிக்காவில் கேபிள் கிளட்சோடு வந்த ஃபோர்ட் மஸ்டாங் கார்களில் இந்தப் பிளாஸ்டிக் பற்கள் உடைவது பேர்போன குறை. அதற்கு மாற்றாக அலுமினியத் துண்டும், கையால் திருகும் திருத்தியும் விற்கும் தனிச் சந்தையே அங்கு வளர்ந்தது. கடினமான கிளட்ச் போட்டு விரட்டுபவர்களுக்கு அது நல்ல மாற்று, மிதியின் பிடியும் துல்லியமாகும். ஆனால் உலோகத் துண்டு தானாக நகராது. காரைச் செய்தவர்கள் பிளாஸ்டிக்கில் வைத்த கவலையை நீங்கள் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். கொழும்பில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அப்படியொன்றைக் கடைந்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் உங்களையே கேளுங்கள்: கடைசியாக எப்போது டயர் காற்றுப் பார்த்தீர்கள்? ஞாபகம் இல்லாதவருக்குப் பிளாஸ்டிக்தான் பொருத்தம்.

எண்ணெயால் இயங்கும் கிளட்சில் நான் இன்னும் கண்டிப்பானவன். தட்டுத் தேய்வதை அது தானே ஈடுசெய்கிறது, ஆகவே திருத்த வேண்டியது அநேகமாக ஒன்றும் இல்லை. இருந்தும், கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்றால் மிதியின் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டருக்கு (எண்ணெயைத் தள்ளும் உருளைக்கு) கொண்டுபோகும் புஷ் ரொட் என்ற தண்டில், நீளத்தைக் கூட்டக்கூடிய ஒன்றைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதை அளவுக்கு மீறி நீட்டினால், மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடப்பட்டுவிடும். என்ஜின் சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறி, யாரும் மிதிக்காமலே கிளட்ச் வழுக்கத் தொடங்கும். உண்மையான நோய் அநேகமாகக் கசியும் ரப்பர் சீல், அல்லது குழாயில் காற்று, அல்லது கிளட்சிலும் ஓடும், ஆண்டுக்கணக்கில் மாற்றாத பிரேக் ஒயில். ஈரத்தை உறிஞ்சுவது அந்த எண்ணெயின் குணம், ஈரத்துக்கோ கொழும்பில் பஞ்சமில்லை. இங்கே கம்பனி ரொட்டை மாற்றவே வேண்டாம்.

தட்டு, பேரிங் போன்றவற்றில் அதிகம் குழம்பத் தேவையில்லை. எக்செடி, ஐசின் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் கார்க் கம்பனிகளுக்கே வழங்குபவை. கார்க் கம்பனியின் பெட்டிக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது அவசியமில்லை. போலிப் பெட்டியைத்தான் கவனிக்க வேண்டும்.

பாவித்த ஜப்பான் பாகங்களும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பாவித்த கேபிளைத் தொடவே வேண்டாம். பாவித்த சிலிண்டர் வாங்கலாம், ஆனால் சீல்களைப் புதிதாகப் போட வேண்டும், உட்சுவரில் துருக்குழி இருக்கக் கூடாது. குழி இருந்தால் எந்தச் சீலும் நிற்காது. கழற்றி உள்ளே பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் மேசையில் வைத்துவிட்டு நடங்கள். அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.