அம்மா கையில் ரிமோட், வாசலில் குரல்: ஒன்றரை வருட அனுபவம்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பெல் சத்தம் கேட்டு எழுந்து கேட்டுக்குப் போவதற்குள் கூரியர்காரர் கிளம்பிவிடுவார். அதற்காகத்தான் கேமரா வைத்த காலிங் பெல் வாங்கினேன். செல்போன் ஆப்பில் பேச வேண்டும். ஆனால் அம்மாவின் போன் எந்நேரமும் உள் அறையில் சார்ஜில் கிடக்கும். கையில் இருப்பது டிவி ரிமோட்தான். அதன் மைக்கிலேயே வாசலில் நிற்பவரிடம் பேசலாம் என்று தெரிந்ததும் டிவியோடு இணைத்துவிட்டேன்.

பெல் அடித்தால் சீரியலின் மூலையில் வாசல் தெரியும். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் நாம் பேசுவது வெளியே கேட்கும். விட்டால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. முதலில் குறையாகத்தான் பட்டது. ஆனால் மைக் திறந்தே இருந்தால் டிவி சத்தமும் அதில் நுழைந்து எதிரொலிக்கும், இதுவே நல்லது.

அழுத்திய உடனே பேசினால், மைக் திறப்பதற்குள் முதல் எழுத்து போய்விடும். "யாரு?" என்றால் வெளியே "ரு" மட்டும்தான். மைக் திறந்த பிறகும், ரிமோட்டிலிருந்து புளூடூத்தில் டிவிக்கு, அங்கிருந்து வைஃபை, இணையம் என்று சுற்றிக்கொண்டு குரல் வாசலுக்குப் போக ஓரிரு நொடி ஆகிறது. அம்மா இப்போது அழுத்தி, ஒரு மூச்சு விட்டுப் பேசி, கடைசியில் "சொல்லுங்க" என்று முடிக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் வெளியே இருப்பவர் பேசத் தொடங்குகிறார். அம்மா தானாகக் கண்டுபிடித்த வழி இது, எனக்கு அவ்வளவு பெருமை.

சிலிண்டர்காரர் கேட்கும் ஓடிபியை மட்டும் இதில் சொல்லவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெருவுக்கே கேட்கும். "இருங்க, வர்றேன்" என்றால் போதும், அவர் நிற்பார்.

டிவி அணைந்திருந்தால் படம் வராது. கரண்ட் போனால் ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது, டிவி ஓடவில்லை; எலக்ட்ரீஷியனை வைத்து அந்த பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். ரிமோட் பேட்டரியும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். பல டிவிகளில் ரிமோட் மைக் குரல் தேடலுக்கு மட்டும்தான். பெல் ஆப்புக்குக் குரல் போகாது. கடையிலேயே பேசிக் காட்டச் சொல்லுங்கள். படம் வருவதை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்று காலைகூட அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. "ரெண்டு முழம் போதும்மா, கேட்டுல மாட்டிடுங்க, சொல்லுங்க" என்றார். "சரிம்மா" என்று பூக்காரம்மா குரல் டிவியிலிருந்து வந்தது.