குறி தவறாதவனின் குற்றம்: ‘பனிஷர் மேக்ஸ்’ இரண்டாம் தொகுதி

அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் வெளியிட்டுள்ள ‘பனிஷர் மேக்ஸ்: கம்ப்ளீட் கலெக்‌ஷன்’ வரிசையின் இரண்டாம் தொகுதி, கார்த் எனிஸ் எழுதிய தொடரின் 13 முதல் 30 வரையிலான இதழ்களை ஒரே புத்தகமாகத் தருகிறது. இதழுக்கு இதழ் தொடரும் மூன்று கதைகள், ஒவ்வொன்றும் ஆறு இதழ்கள். வயது வந்தோருக்கு மட்டுமென்று 2004-இல் தொடங்கப்பட்ட இத்தொடரில் பறப்பவர்களோ சுவரேறுபவர்களோ எவரும் இல்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பி, மனைவியையும் இரு குழந்தைகளையும் கும்பல் மோதலின் குண்டுகளுக்குப் பறிகொடுத்த ஃபிராங்க் காசில்தான் பனிஷர்; அவன் இங்கே வயதேறிய, களைத்த, ஆனால் நிறுத்தத் தெரியாத ஒரு மனிதனாக நியூயார்க்கில் கொன்றுகொண்டே இருக்கிறான். சட்டத்தைக் கையில் எடுத்தவனை நாயகனாக்குவதிலுள்ள அறச்சிக்கலை இவ்வளவு நேராகப் பார்க்கும் காமிக்ஸ் மிகக் குறைவு என்பதால் இத்தொகுதியை மதிக்கிறேன். முக்கியமான ஓரிடத்தில் அது அந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கவும் செய்கிறது.

ஜெரி கான்வே எழுதிய கதையில், 1974-இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 129-ஆம் இதழில் பனிஷர் முதன்முதலாகத் தோன்றியபோது, ஸ்பைடர்மேனைக் கொல்ல வந்தவனாகவே வந்தான். கொலை செய்ய மறுக்கும் நாயகன் எதிரே நின்றதால்தான் அவனுடைய கோரம் அன்று கண்ணுக்குத் தெரிந்தது. எனிஸின் உலகில் அப்படி எதிரே நிற்க ஆளில்லை. எனவே அவனைத் தடுத்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு வாசகரிடமே வந்து சேர்கிறது. இது துணிச்சலான ஏற்பாடு, ஆபத்தானதும்கூட.

முதல் கதையான ‘மதர் ரஷ்யா’வில், இரத்தத்தில் கொடிய வைரஸைச் சுமக்கும் ஒரு சிறுமியை ரஷ்ய ஏவுகணைத் தளத்திலிருந்து மீட்டு வர அமெரிக்க உளவு அதிகாரி நிக் ஃபியூரி காசிலை அனுப்புகிறார். அமெரிக்கத் தளபதிகளுக்கு வேண்டியது அந்த இரத்தம் மட்டுமே; காசிலுக்கோ சிறுமி முக்கியம். சீருடையணிந்து முறைப்படி ஆணையிடுபவர்களைவிட, எந்த அதிகாரமும் இல்லாத கொலைகாரனே மனிதனாகத் தெரிவது எனிஸின் கசப்பான அரசியல் பார்வை. டக் பிரெய்த்வெயிட்டின் சித்திரங்கள் பனியையும் கான்கிரீட்டையும் கச்சிதமாகக் கொண்டுவருகின்றன. இரண்டாம் கதையில் நிக்கி கவெல்லா என்ற கும்பல்காரன் காசிலின் குடும்பத்தாரின் கல்லறையைத் தோண்டி இழிவு செய்கிறான். அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான். மூன்றில் இதுவே பலவீனமானது.

தொகுதியின் உண்மையான கனம் ‘தி ஸ்லேவர்ஸ்’ என்ற மூன்றாம் கதையில் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பெண்களைக் கடத்தி வந்து விற்கும் கும்பலிடமிருந்து தப்பிய வியோரிகா, தன் குழந்தைக்கு அவர்கள் செய்ததைச் சொல்லும் பக்கங்களை ஒரே மூச்சில் படிப்பது கடினம். அந்தக் கும்பலின் கணக்கு வழக்கைக் கவனிக்கும் வேரா, நாகரிக உடையில், உயர்ந்த கட்டடத்தின் அலுவலகத்தில் இருந்தபடி இதையெல்லாம் வெறும் வியாபாரமாக நடத்துகிறாள். காசில் அவளைத் தூக்கி ஜன்னலில் வீசுகிறான். கண்ணாடி உடையாத வகை. மறுபடியும் வீசுகிறான், மறுபடியும். கடைசியில் கண்ணாடி உடையாமலே சட்டத்தோடு பெயர்ந்து அவளுடன் கீழே போகிறது. லியாண்ட்ரோ ஃபெர்னாண்டஸ் வரைந்துள்ள இக்காட்சியில் வீரமோ ஆவேசமோ இல்லை. வேலையை முடிக்கும் ஒருவனின் நிதானம் மட்டுமே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இது வேண்டும் என்று மனம் சொல்லும் அதே நொடியில், அந்த நிதானத்தைக் கண்டு வயிறு கலங்குகிறது. இரண்டையும் ஒன்றாக உணர வைத்ததுதான் எனிஸின் சாதனை. பழிவாங்கல் முடிந்தபின் வியோரிகாவுக்கு எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை, காசிலுக்கும் நிம்மதி வருவதில்லை. வன்முறையை இவ்வளவு விரிவாகக் காட்டிவிட்டு அதற்கு எந்தப் பலனையும் கொடுக்க மறுக்கும் நேர்மை எனக்குப் பெரிதாகப்படுகிறது.

தப்பித்தல் எங்கே நடக்கிறது என்றால், காசில் தவறான ஆளைச் சுடுவதே இல்லை. பதினெட்டு இதழ்களிலும் அவன் குறி வைத்தவர்கள் எல்லோரும் சந்தேகத்துக்கு இடமில்லாத கொடியவர்கள். மூன்றாம் கதையின் கும்பலைச் சேர்ந்த கிறிஸ்டு என்பவனைக் காட்டில் வைத்து அவன் சித்திரவதை செய்யும்போது கிடைக்கும் தகவலும் அப்பழுக்கில்லாத உண்மையாகவே இருக்கிறது. நிஜ உலகில் வலி தாங்காதவன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான். நீதிமன்றம், சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் இருப்பது கொடியவர்கள்மீது இரக்கப்பட்டு அல்ல. பிடிபட்டவன் அந்தக் கொடியவன்தானா என்பதில் நாம் தவறக்கூடும் என்பதால். ஒருவனுடைய துப்பாக்கி ஒருமுறைகூடத் தவறாது என்று கதாசிரியர் உறுதியளித்துவிட்டால், சட்டத்தைக் கையில் எடுப்பது சரியா என்ற கேள்வியில் பாதி, கேட்கப்படும் முன்பே காணாமல் போய்விடுகிறது. காசிலின் ஆன்மாவுக்கு என்ன ஆகும் என்பதை எனிஸ் ஆழமாகக் கேட்கிறார். அவனிடம் மாட்டிக்கொண்ட ஒரு நிரபராதிக்கு என்ன ஆகும் என்பதை இத்தொகுதியில் அவர் கேட்கவே இல்லை.

இதை வெறும் இலக்கியக் குறையாக ஒதுக்கிவிட முடியாது. கென்டக்கி மாநிலத்தின் கேட்லெட்ஸ்பர்க் நகரக் காவல்துறை, 2017-இல் தன் வாகனங்களில் பனிஷரின் மண்டையோட்டுச் சின்னத்தை ஒட்டி, எதிர்ப்பு எழுந்தபின் அகற்றியது. காவலர்கள் அச்சின்னத்தை அணிவதைக் கான்வே வெளிப்படையாகக் கண்டித்தார். சட்டம் தோற்றுப்போனதன் அடையாளமாக அவர் படைத்தவனைச் சட்டத்தின் காவலர்களே ஏந்துவது அவருக்குப் பெரும் முரணாகத் தோன்றியது. அச்சின்னத்தை மார்பில் அணிபவர்கள் காசிலின் துயரத்தை விட்டுவிட்டு, அவனுடைய தவறாத குறியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கற்பனைக்கு இத்தொகுதியும் தீனி போடுகிறது என்பதை, இதை விரும்பிப் படித்த நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் வாங்கிப் படிக்கலாம் என்றே சொல்வேன், பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் எதிரான கொடுமை பற்றிய பக்கங்களைத் தாங்க முடியாதவர்கள் மூன்றாம் கதையைத் தவிர்ப்பது நல்லது. முதல் தொகுதியைப் படிக்காமலும் ‘மதர் ரஷ்யா’ புரியும். இரண்டாம் கதைக்கு மட்டும் முன்கதை தெரிந்திருந்தால் வசதியாக இருக்கும். தொடரை முடிக்கும் எண்ணமுள்ளவர்கள் 55 முதல் 60 வரையிலான இதழ்களில் வரும் ‘வேலி ஃபோர்ஜ், வேலி ஃபோர்ஜ்’ கதைவரை போய்விடுங்கள். தன்னைப் பிடிக்க வரும் அமெரிக்கப் படைவீரர்களைக் கொல்ல மாட்டேன் என்று காசில் மறுக்கும் அக்கதையில், இத்தொகுதியில் விடுபட்ட கேள்வியை எனிஸ் ஓரளவாவது நெருங்குகிறார்.