டேன்டிலியன் வேர்க்காபி: பிடரியைப் பார்க்காதீர்கள், பல்லைப் பாருங்கள்

ஊட்டி மூலிகைக் கடை ஒன்றில் ‘காபிக்கு மாற்று’ என்று டேன்டிலியன் என்ற மஞ்சள் பூச்செடியின் வறுத்த வேர் விற்கிறார்கள். பொடியாக ஒன்று, துண்டாக நறுக்கியது ஒன்று, இரண்டுமே 100 கிராம் பாக்கெட். துண்டு வேரைத் தாராளமாக வாங்கலாம். பொடி வேண்டாம்.

முதலில் லேபிள். மஞ்சள் பூ சிங்கத்தின் பிடரி போல இருப்பதால் இந்தப் பெயர் என்று அச்சடித்திருக்கிறார்கள். தவறு. பெயரில் இருப்பது பல். இடைக்கால லத்தீனில் ‘டென்ஸ் லியோனிஸ்’, சிங்கத்தின் பல். அது பிரெஞ்சில் ‘டான் டு லியோன்’ ஆகி, 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்துக்குள் வந்து டேன்டிலியன் என்று தேய்ந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘லோவென்ட்சான்’ என்கிறார்கள், அதே பொருள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைச் சேர்த்த பேரினத்தின் பெயர் லியோன்டோடான். கிரேக்கத்தில் அதுவும் சிங்கப்பல்தான். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் இப்போது ‘பிசான்லி’ என்கிறார்கள்: படுக்கையை நனைப்பது. சிறுநீரைப் பெருக்கும் என்பதால் வந்த பெயர்.

லேபிள் பிழைதானே என்று விட்டுவிட முடியாது. பூவை நம்பிச் செடி பிடுங்குகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான். நீலகிரிப் புல்வெளிகளிலும் சாலையோரங்களிலும் ஹைப்போகேரிஸ் என்ற களை மண்டிக் கிடக்கிறது. அதன் பூவும் இதே மஞ்சள். இலையைத் தொட்டால் தெரிந்துவிடும். ஹைப்போகேரிஸ் இலை சொரசொரவென்று ரோமமாக இருக்கும், ஓரம் மழுங்கி வளையும், பூத்தண்டு கிளை விடும். டேன்டிலியன் இலை வழவழப்பு. ஓரத்தில் வெட்டிய பற்களின் நுனி இலையின் அடிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். பூத்தண்டில் இலையும் கிளையும் இருக்காது. ஒரு தண்டுக்கு ஒரு பூ. தண்டைக் கிள்ளினால் உள்ளே குழல், வெள்ளைப் பால் வடியும்.

பொடியில் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. சிக்கரி கலந்தாலும் வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. காபித்தூளில் சிக்கரியைப் பார்க்கத் தண்ணீரில் தூவும் சோதனை இங்கே உதவாது; டேன்டிலியன், சிக்கரி இரண்டும் வறுத்த வேர்தான், இரண்டிலும் இனுலின் என்ற நார்ச்சத்து நிறைய. வறுக்கும்போது அந்த இனுலின்தான் உடைந்து பழுப்பு நிறமும் கருகிய சர்க்கரை வாசமும் தருகிறது. கஃபீன் துளியும் கிடையாது.

போடும் முறையில் பலர் தவறுவது டிகாஷன் பில்டரில். நைசான பொடி தண்ணீரில் ஊறிப் பிசுபிசுத்து ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும், இறங்கவே இறங்காது. துண்டு வேரை மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு உடைத்து, 250 மில்லி தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் போட்டு, சிறு தீயில் பத்து நிமிஷம் கொதிக்க விட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ஐந்து நிமிஷத்தில் இறக்கினால் வெறும் நிறம்தான் வரும். பால் ஊற்றினால் கசப்பு அடங்கும். கருப்பட்டி நன்றாகப் பொருந்துகிறது, வெள்ளைச் சர்க்கரை அவ்வளவாக இல்லை.

பாக்கெட்டின் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்காலத்துக்குத் தாங்காது. இந்த வேர் ஈரத்தை இழுக்கும். ஜூலை மூடுபனியில் பொடி கல்லாக இறுகிவிடும். வாங்கிய அன்றே இறுக்க மூடும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது.

‘கல்லீரல் நோய் தீரும்’ என்றும் லேபிளில் இருக்கிறது. அதை நம்பிக் குடிக்க வேண்டாம். பித்தப்பைக் கல், பித்தநாள அடைப்பு உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரையோ மனநல மருந்தான லித்தியமோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சாமந்தி, செவ்வந்தி ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம், ஒரே குடும்பம்.