பாலேக் பூலாவ் டுரியான் தோட்டம், வெல கூடத்தான் ஆனா

மலேசியா பினாங்குல, துன் சார்டோன் ரோட்டுல பாலேக் பூலாவ் பக்கம் எறங்குற எடத்துல ஒரு சின்ன தோட்டம், போன் பண்ணி புக் பண்ணிட்டு போனா மரத்தடியிலயே ஒக்காந்து சாப்பிடலாம். டவுன் கடையவிட கிலோவுக்கு நல்லாவே கூட, அத மொதல்லயே சொல்லிடுறேன்.

டுரியான் வகைல ஆங் ஹே அருமை, செவப்பு கலந்த ஆரஞ்சு சதை, இனிப்பா ஆரம்பிச்சு கடைசில லேசா கசப்பு தட்டும், கொட்டையும் சின்னது. இன்னொரு வகை ஹோர் லோர் சுமார்தான்.

பாதிப் பேரு கம்ப்ளைன் பண்றது தோட்டம் கிளீனா இல்லைன்னு. உண்மைதான், முட்டி ஒசரத்துக்கு புல்லு, நடக்குற பாதைய மட்டும்தான் வெட்டி வச்சிருக்காங்க, களைக்கொல்லி அடிக்கிறதே இல்லையாம். நடுநடுவுல வாழ, பெத்தாய்ங்கிற அவரக்கா மாதிரி காய்க்கிற மரம் வேற. தவுக்கேகிட்ட, அதான் தோட்டத்து மொதலாளிகிட்ட கேட்டா வௌவாலுக்காம்! டுரியான் பூ சாயந்தரம் விரிஞ்சு ராத்திரியே கொட்ட ஆரம்பிச்சிடும், அந்த நேரத்துல வந்து மகரந்தத்த சேக்குறது வௌவால்தான், டுரியான் பூக்காத மாசத்துல அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல, அதான் வாழப்பூ, பெத்தாய் பூ. சில தோட்டத்துல பூவ நாசம் பண்ணுதுன்னு வௌவால வெரட்டி அடிக்கிறாங்க, கொடும.

கூட வந்த சித்தப்பா சுவிஸ்ல சூரிச்ல இருக்காரு, "எங்கட பக்கம் இப்பிடி புல்லு மரத்த விட்டு வச்சா அதுக்கு அரசாங்கமே காசு குடுக்குது"ன்னாரு. அங்க விவசாயிக்கு நேரடி மானியம் வேணும்னா நெலத்துல கொறஞ்சது 7 சதவீதம் பூச்சி பறவைக்குன்னு ஒதுக்கணுமாம், காய்கறி திராட்ச மாதிரி பயிருன்னா 3.5. அப்படி ஒதுக்குன உரம் போடாத புல்வெளிய சமவெளில ஜூன் 15க்கு முன்னாடி அறுக்கக்கூடாது, ஒசரமா வளந்த பழமரத்துக்கு மரக்கணக்குல தனியா காசு. இங்க நெல்லுக்கு உர மானியம் இருக்கு, ஆனா புல்ல வெட்டாம விட்டதுக்கு இந்த தவுக்கேக்கு யாரு குடுப்பா? கிலோவுக்கு கூட வாங்குறாரே அதுதான் அவரு மானியம், நம்ம பாக்கெட்லேர்ந்து போகுது. எனக்கு ஓகே, ஆனா இத ஒரு போர்டுல எழுதி வச்சா என்னவாம், கேட்டாத்தான் சொல்றாரு.

4 ஸ்டார். கொசு பிச்சி எடுக்குது, மருந்து தடவிட்டு போங்க. காடி நிறுத்த எடம் கம்மி, டாய்லெட் சுமார், சீசன்ல சனி ஞாயிறு போகாதீங்க லா.