ஸ்பார்ட்டாவின் பெண்களும் ஏதென்ஸின் பெண்களும்

கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்கக் குடிமகள் ஒருத்தியின் வாழ்வு, அவள் பிறந்த நகரத்தைப் பொறுத்தே பெரிதும் அமைந்தது. ஏதென்ஸில் தந்தையோ கணவனோ மகனோ அவளுக்குக் காப்பாளனாக இருந்தான். கிரேக்கத் தானிய அளவையான மெதிம்னோஸில் ஓர் அளவு வாற்கோதுமையின் மதிப்பைத் தாண்டிய கொடுக்கல் வாங்கலை அவள் தானாகச் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. ஸ்பார்ட்டாவிலோ சிறுமியரும் ஓட்டம், மல்யுத்தம் முதலியவற்றில் பயிற்சி பெற்றனர். பெண்கள் நிலத்தைத் தம் உடைமையாகவே வைத்திருந்தனர். நாட்டு நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பெண்களிடம் இருப்பதாக அரிஸ்டாட்டில் குறைகூறும் அளவுக்கு அவ்வுடைமை பெருகியிருந்தது. அத்தகைய செல்வம் கைவசம் இருந்ததால்தான், அரசன் அகெசிலாவுஸின் சகோதரி கினிஸ்கா தன் குதிரைகளை அனுப்பி, கி.மு. 396-இலும் 392-இலும் ஒலிம்பியாவின் நான்கு குதிரைத் தேர்ப்போட்டியில் குதிரைகளின் உடைமையாளர் என்ற முறையில் வென்றாள். அரசியல் மன்றத்தில் இடமோ வாக்கோ இரு நகரங்களிலும் பெண்களுக்கு இல்லை.

சொத்துரிமையை அளவுகோலாகக் கொண்டால் ஸ்பார்ட்டாவே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் அந்நிலங்களை உழுதவர்கள் ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமைக் குடியினர். அக்குடியில் பிறந்த பெண்களுக்கு இவ்வுரிமைகளுள் ஒன்றும் கிட்டவில்லை.