சவரக்கத்திக்குப் பச்சைப் பொடியா, வைரப் பேஸ்டா? எட்டு மாதம் தீட்டிப் பார்த்த அனுபவம்

நீளமாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடக்குச் சவரக்கத்தியால் வீட்டில் சவரம் செய்கிறவருக்கு கூரைக் கடைசியாகத் தீட்டி முடிக்க 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு பச்சைப் பொடி ஒன்றே போதும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வைரப் பேஸ்ட் நல்ல சரக்குதான், ஆனால் எல்லார் தோலுக்கும் ஒத்துவராது. உலோகத்துக்கு மினுக்கம் ஏற்ற ஹார்டுவேர் கடையில் விற்கிற பச்சைக் கட்டியைச் சவரக்கத்திப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். என் மாமனார் பாபநாசத்தில் நாற்பது வருஷம் சலூன் நடத்தியவர். இப்போது எந்தக் கடையிலும் பாதி பிளேடு மாட்டுகிற கத்திதான், ரத்தத்தில் தொற்றும் நோய்களைப் பற்றித் தெரிய வந்த பிறகு ஒரே கத்தியை ஆளுக்கு ஆள் போடுவது நின்றுபோனது, அது நின்றது நல்லதுதான். ஒரே ஆள் தன் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் போன தை மாதம், இரும்புப் பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்த தன் சோலிங்கன் (ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர்) கத்தியை எடுத்து எனக்குக் கொடுத்தார். முதுகில் நாலைந்து துருப்புள்ளி, வாயில், அதாவது கூர் விளிம்பில், ஒரு சின்ன மொக்கை, மற்றபடி முழுசாக இருந்தது.

மொக்கையைக் கல்லில்தான் எடுக்க வேண்டும், பேஸ்ட் அந்த வேலைக்கு ஆகாது. பேஸ்ட் வாங்கினால் கல் வேண்டாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நான் 1000 கல்லில் தொடங்கி 4000, அப்புறம் 8000 என்று ஏறினேன், எண் ஏற ஏறக் கல்லின் துகள் நுணுக்கமாகும். என்னிடம் இருப்பது நார்டன் 8000, அதன் துகள் ஏறக்குறைய 3 மைக்ரான். அதோடு நிறுத்தி தோல்வாரில் இழுத்தாலே சவரம் ஆகும், ஆனால் தாடைக்குக் கீழே முடியைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பைப் போக்கத்தான் பேஸ்டும் பொடியும். தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும், பச்சைப் பொடியின் துகள் மெல்லிய முடியில்கூட நூறில் ஒரு பங்குதான் என்று வைத்துப் பார்த்தால் இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும்.

முதலில் வாங்கியது அந்தப் பச்சைக் கட்டி, விலை குறைவு என்பதால். நாச்சியார்கோயில் பக்கம் குத்துவிளக்குக்கு மினுக்கம் ஏற்றும்போது பஃபிங் சக்கரத்தில் இந்த மாதிரிக் கட்டியைத்தான் தேய்த்துக்கொள்வார்கள். பித்தளைக்கு அது சரி. ஆனால் கட்டியில் மெழுகோடு அலுமினியம் ஆக்சைடும் கலந்திருப்பதுண்டு, துகளும் ஒரே அளவாக இருக்காது. பத்து இழுப்பு இழுத்துவிட்டு, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி விளக்கு வைத்த 60 மடங்கு லென்ஸில் பார்த்தேன். 8000 கல் விட்டுவைத்த சீரான சாம்பல் படலத்தின் மேல் குறுக்கே நாலு ஆழமான கீறல், அதில் ஒன்று வாய்வரைக்கும் ஓடி, ஓடிய இடத்தில் விளிம்பு பல் மாதிரி பிய்ந்திருந்தது. மறுபடி 4000 கல்லுக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு சாயங்காலம் போனது.

அப்புறம் பொடியாகவே வாங்கினேன், சின்ன பாட்டில். பீங்கானுக்குப் பச்சை நிறம் கொடுக்கவும் இதே குரோமியம் ஆக்சைடைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் நிறத்துக்கு விற்கிற பொடியில் துகள் அளவு உறுதி இல்லை, மைக்ரான் கணக்கு போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அட்டையில் அளவே போடாமல் ஒரு கடையிலிருந்து எனக்கு ஒரு பாட்டில் வந்தது, திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றார்கள். அதைத் திறக்காமல் அப்படியே தூக்கிப்போட்டேன்.

எதில் தடவுவது என்பது பேஸ்ட் அளவுக்கே முக்கியம். தொங்கவிட்ட தோல்வாரில் தடவினால் வார் நடுவில் தொய்கிற இடத்தில் வாய் உருண்டுவிடும். பால்சா என்கிற லேசான மரப் பலகைதான் சரி, கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கிறது, ஒரு தட்டையான தேக்குத் துண்டில் ஒட்டி, கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துச் சமமாகத் தேய்த்துக்கொண்டேன். தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செய்கிற நெட்டியைக்கூட ஒட்டிப் பார்த்தேன், பார்க்கப் பால்சா மாதிரிதான் இருக்கும். ஆனால் கத்தி அதில் அமுங்குகிறது, அமுங்கினால் வாய் உருளும். வேண்டாம்.

பொடி ஓர் அரிசி அளவு போதும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் பலகை முழுக்கத் தேய்த்தால், மரத்தின் ரேகை தெரிகிற அளவுக்கு மெல்லிய பச்சை படர வேண்டும், அதற்கு மேல் இருப்பதைத் துடைத்துவிடுங்கள். கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் வாயும் இரண்டும் பலகையில் பட, முதுகு முன்னால் போக இழுக்க வேண்டும். கடைசியில் முதுகு மேலேயே புரட்டித் திரும்ப வேண்டும், வாயின் மேல் புரட்டினால் செய்ததெல்லாம் வீண். ஐந்தாவது இழுப்பிலேயே பச்சைப் பலகையில் பென்சில் கோடு மாதிரி கறுப்புத் தடம் விழும். அது எஃகு தேய்ந்து வருவது, அந்தத் தடம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீராக இருந்தால் கத்தி சமமாகப் படுகிறது என்று அர்த்தம். எனக்கு முதலில் முனைப் பக்கம் விட்டுவிட்டுத்தான் விழுந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மாப்ள, அழுத்தாதீங்க, கத்தி தன் பாரத்துலயே போகட்டும், நீங்க வழி மட்டும் காட்டுங்க" என்றார். கையைத் தளர்த்தியதும் முனைவரை கறுப்பு வந்தது. பத்துப் பதினைந்து இழுப்பு போதும்.

வைரப் பேஸ்ட் திருச்சியில் வாங்கினேன், 1, 0.5, 0.25 மைக்ரான் என்று மூன்று சிரிஞ்சு. ரத்தினக் கல்லுக்கும் லென்ஸுக்கும் மெருகேற்றுகிற சரக்கு இது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், பச்சை பதினைந்து இழுப்பில் செய்வதை இது ஐந்தில் செய்கிறது. வைரத்தின் கடினம் மோஸ் அளவில் 10, குரோமியம் ஆக்சைடு எட்டரைக்குள். 0.25 முடித்த கத்தியை நிறுத்தி, வீட்டுக்காரியின் தலைமுடி ஒன்றை மேலிருந்து இறக்கினேன், பட்டதுமே சத்தமில்லாமல் இரண்டாகி விழுந்தது. பச்சையில் அதே முடி லேசாகத் தட்டிய பிறகுதான் அறுந்தது.

ஆனால் சவரம் முடிந்து முகத்தில் படிகாரம் தேய்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கழுத்து முழுக்கத் தீயாக எரிந்தது. சலூனில் படிகாரம் போடுவது ரத்தம் கட்ட மட்டும் என்று நினைத்திருந்தேன். எந்த இடத்தில் கத்தி தோலையும் சேர்த்துச் சீவியிருக்கிறது என்பதைப் படிகாரம்தான் சொல்லும் என்றார் மாமா. பச்சையில் தீட்டிய கத்திக்குப் படிகாரம் போட்டால் எதிர்ச்சவரம் செய்த மேலுதடு மட்டும் சுருக்கென்கிறது, அவ்வளவுதான். வைரம் தீட்டிய பிறகு வெறும் தோல்வாரில் ஐம்பது இழுப்பு கொடுத்தால் எரிச்சல் பாதியாகக் குறைகிறது, அதுவும் செய்து பார்த்தேன். முரட்டுத் தாடி, தடித்த தோல் உள்ளவர்களுக்கு வைரம் பிடிக்கலாம். எனக்குப் பச்சைதான்.

வைரம் வாங்குகிறவர்கள் மைக்ரானுக்கு ஒரு பலகை தனியாக வையுங்கள், பின்பக்கம் எண் எழுதுங்கள். 1 மைக்ரான் பட்ட விரலோடு 0.25 பலகையைத் தொட்டால் அந்தப் பலகை 1 மைக்ரான் பலகை ஆகிவிட்டது, மரத்துக்குள் புதைந்த துகளைத் துடைத்து எடுக்க முடியாது. ஒரு பலகை முடித்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தியையும் துடைக்க வேண்டும்.

இப்போது நான் செய்வது: தினமும் சவரத்துக்கு முன் வெறும் வாரில் முப்பது இழுப்பு, மாதம் ஒரு தடவை பச்சையில் பத்து. இப்படி நாலைந்து தடவை ஆனதும் வாய் கொஞ்சம் உருண்டுவிடும், பேஸ்ட் போட்டாலும் பழைய கூர் வராது. அப்போது 8000 கல்லுக்குத் திரும்பிவிடுகிறேன். எட்டு மாதத்தில் ஒரு தடவைதான் திரும்பினேன். பொடி பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

இன்னும் ஒன்று, நம் ஊர் ஈரத்துக்காக. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கார்பன் எஃகு ராத்திரியோடு ராத்திரியாகப் பூத்துவிடும், கண்ணுக்குத் தெரியாத அந்தத் துரு முதலில் தின்பது வாயைத்தான். சவரம் முடிந்ததும் துடைத்து, வெறும் வாரில் ஐந்து இழுப்பு, அப்புறம் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். வாரையும் குளியலறையில் மாட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். என்னுடையது கூடத்து ஜன்னல் கம்பியில் தொங்குகிறது, மாமா வந்தால் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார்.