செக்டிஸ்க்கா, டிடிரெஸ்க்யூவா: எதை முதலில் ஓட்டுவது?

ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் "ஃபார்மட் செய்ய வேண்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தில் நம் கை போவது விண்டோஸோடு வரும் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க் பக்கம்தான். என் தங்கையின் குழந்தைப் படங்கள் இருந்த டிஸ்க்கில் நானும் அதைத்தான் செய்தேன். ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் பெயரே இல்லாத துண்டுகள்தான் மிஞ்சின.

செக்டிஸ்க்குக்கு முக்கியம் கோப்பு முறைமை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற டிஸ்க்கின் கணக்கு, ஒழுங்காக இருப்பது. உங்கள் கோப்புகள் அதற்கு அடுத்ததுதான். கரண்ட் போய்க் குழம்பிய, மற்றபடி நல்ல டிஸ்க்குக்குப் பிழையைத் திருத்தச் சொல்லும் /எஃப் போதும், வேலையும் சீக்கிரம் முடியும். /ஆர் வேறு கதை. காலி இடம் உட்பட ஒவ்வொரு செக்டாராக (டிஸ்க்கின் சிறு துண்டு) படித்துப் பார்க்கும், மணிக்கணக்கில் ஓடும். சாகப்போகும் டிஸ்க்குக்கு அந்த ஓட்டமே எமன். செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்செக்கும் இதே ரகம்தான். ஆனால் லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4-ல் -என் கொடுத்தால் எதையும் எழுதாமல் கோளாறை மட்டும் சொல்லும். சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) கெட்டிருந்தால் அதன் நகலைக் காட்டி ஓட்டலாம். 4 கேபி பிளாக் என்றால் பெரும்பாலும் 32768 என்ற எண்ணுள்ள பிளாக்கில் ஒரு நகல் இருக்கும். டிஸ்க் மவுண்ட் ஆகி (பயன்பாட்டுக்குத் திறந்து) இருக்கும்போது மட்டும் பழுதுபார்க்கவே கூடாது.

கோப்பு முறைமை எதுவென்றே தெரியாமல் விண்டோஸ் டிஸ்க்கை "ரா" என்று காட்டினால் செக்டிஸ்க் கைவிரித்துவிடும். அங்கே டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி கைகொடுக்கலாம்: விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ், தன் பூட் செக்டாரின் (அதன் அடிப்படை விவரங்கள் இருக்கும் முதல் செக்டார்) நகலைப் பார்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும், அதை எடுத்துப் போட்டாலே சில சமயம் எல்லாம் திரும்பிவிடும்.

சரி, டிடிரெஸ்க்யூ? அது எதையும் பழுதுபார்க்காது. சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும், அடம்பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு கொடுத்திருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதே அளவோ பெரிதோ இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டும், செலவுதான். ஆனாலும் டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டார் (படிக்கச் சிரமப்படும் செக்டார்) எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் நான் வேறெதையும் தொடமாட்டேன். முதலில் நகல், அப்புறம் அந்த நகலின் மேல் செக்டிஸ்க்கோ டெஸ்ட்டிஸ்க்கோ.

கமாண்டில் மூல டிஸ்க் முதலில், நகல் டிஸ்க் இரண்டாவது. என்டர் தட்டுமுன் இரண்டு முறை பாருங்கள். மாறினால் காலி டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்படும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் இதுவும் வேண்டாம், உடனே மின்சாரத்தை நிறுத்தி டேட்டா மீட்பு நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.